கொலஸ்ட்ரால் மாத்திரையும் அந்த வீடியோவும்

குடும்ப குரூப் எல்லாத்துலயும் சுத்துதே, "கொலஸ்ட்ரால் மாத்திரை தசையை அரிச்சுடும், இன்னைக்கே தூக்கிப் போடுங்க"ன்னு ஒரு வீடியோ. பார்த்ததிலிருந்து வயிறு எரியுது. இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சவங்க அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவாங்க. நிறுத்தாதவங்களுக்கும் இனிமே தொடை வலிக்க ஆரம்பிக்கும். ஆமா, பயமே வலியைக் கொண்டுவரும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியோட சாம்சன் ஆய்வு 2020-ல வெளியாச்சு. பக்கவிளைவு தாங்காம ஸ்டாட்டினை, அதாவது இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை, நிறுத்தின 60 பேர். மாசத்துக்கு ஒரு பாட்டில்: நாலு மாசம் அடோர்வாஸ்டாட்டின்ங்கிற ஸ்டாட்டின் 20 மி.கி., நாலு மாசம் அச்சு அசலா அதே மாதிரி, ஆனா மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நாலு மாசம் காலி பாட்டில். எது மருந்து, எது வெறும் மாத்திரைன்னு அவங்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூத்துக்கு மார்க் போடணும். காலி பாட்டில் மாசத்துல சராசரி 8. மருந்து மாசத்துல 16.3. வெறும் மாத்திரை மாசத்துல 15.4! முடிவைக் காட்டினப்புறம் பாதிப் பேர் திரும்ப மருந்தை ஆரம்பிச்சாங்க.

"அப்போ என் வலி நடிப்பா?"ன்னு கோபப்படாதீங்க. வலி நிஜம். வலிக்கப்போகுதுன்னு பதறுற மூளையில கோலிசிஸ்டோகைனின்னு ஒரு பொருள் வலியைக் கூட்டிவிடுது. அதைத் தடுக்கிற மருந்து கொடுத்தா அப்படிக் கூடுறதில்லைன்னு இத்தாலியில பெனடெட்டி குழு காட்டியிருக்கு. அதோட, ஏற்கெனவே இருந்த முட்டிவலியும் மாத்திரை கணக்குல ஏறிடும். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எங்கெங்க வலிக்குதுன்னு எழுதி வைங்க.

"பக்கவிளைவை மறைக்கச் சொல்றியா?" மறைக்கவே கூடாது. தசைப் பாதிப்பு நிஜமாவே வரும், ஆனா அரிது. ரெண்டு தொடையிலும் வலியோட பலவீனம், சிறுநீர் கட்டங்காப்பி நிறம்னா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, தசை பாதிச்சிருக்கான்னு பார்க்க சி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுவாங்க. லேசான வலின்னா டோஸைக் குறைக்கலாம், வேற ஸ்டாட்டினுக்கு மாத்தலாம். அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

மெடிக்கல்ல சீட்டை நீட்டி, "பிரஷர் மாத்திரை குடு தம்பி, கொலஸ்ட்ரால் மட்டும் வேணாம், கால் இழுக்குது"ன்னு கேட்கிற அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. அவங்க மனசுல அந்தப் பயத்தைப் போட்டது யாரு? நாளைக்கு அடுத்த அட்டாக் வந்தா ஐ.சி.யூ. வாசல்ல அவங்க பிள்ளைங்கதான் நிப்பாங்க, வீடியோ போட்டவர் வரமாட்டார். வீடியோ போட்ட சார், தயவுசெஞ்சு அந்த வீடியோவை நீக்கிடுங்க.