பிள்ளைகளை வெளியே விடுங்கள், பின்னாலேயே போகாதீர்கள்

“வாரத்தில் மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் கராத்தே. இதற்கு மேல் என்ன விளையாட்டு வேண்டும்?” என்று கேட்கிற பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். வகுப்பைக் குறை சொல்லவில்லை, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அங்கே எதை, எப்போது, எத்தனை முறை செய்வது என்று முடிவு செய்கிறவர் பயிற்சியாளர். பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். விளையாட்டில் விதியைப் போடுவது பிள்ளை, நடுவில் மாற்றுவது பிள்ளை, அழுகுணி ஆட்டம் என்று சண்டை போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் சமாதானமாவதும் பிள்ளை. வகுப்புக்கு அனுப்பிவிட்டு விளையாட்டுக் கணக்கில் வரவு வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

முதலில் கண். வெளியே விளையாடுவதால் வரும் நன்மைகளில் வலுவான ஆதாரம் உள்ளவற்றில் இது ஒன்று. ஆனால் பேசப்படுவது குறைவு. நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கிற அறையில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) இருக்கும். மேகமூட்டமான பகலில் வெளியே 10,000 லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். மர நிழலில்கூட சில ஆயிரம் தேறும். கண்பாவை சுருங்கி விரிந்து சமாளித்துவிடுவதால் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. விழித்திரைக்கு உறைக்கிறது. பிரகாசமான ஒளி பட்டால் அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, கண்விழி அளவுக்கு மீறி நீளமாவதை அது தடுக்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். விழி நீண்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். அதுதான் கிட்டப்பார்வை.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. முடிவு 2015-ல் வெளியானது. தைவான் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் 120 நிமிடம் வெளியே என்று திட்டமே போட்டது. அதுவரை ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன் பிறகு இறங்கியது.

இதில் சிலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். கண்ணுக்கு உதவுவது ஓட்டமில்லை, ஒளி. மரத்தடியில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பலன் உண்டு. தொப்பி போடலாம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு ஆடுவது உடம்புக்கு நல்லது, கண் கணக்கில் சேராது. ஜன்னலோரம் உட்கார வைப்பதும் ஈடாகாது. ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளினாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் பவர் ஏறுவது இதனால் நிற்குமா என்பதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. இது வருமுன் காக்கிற வழி. அதனால் ஆறேழு வயதுக்குள்ளேயே பழக்க வேண்டும். தைவான் திட்டம் சொல்கிற இரண்டு மணி நேரத்தையும் ஒரேயடியாகத் தேட வேண்டாம். காலையில் அரை மணி, பள்ளி இடைவேளையில் அரை மணி, மாலை வெளிச்சத்தில் ஒரு மணி என்று பிரித்தாலும் சரிதான்.

உடம்புக்கான கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிட அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கிற ஆட்டம். குதிப்பது, தொங்குவது, ஏறுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் செய்வதும் அதைத்தான்.

இனி எனக்கு ஆதங்கம் உள்ள விஷயம். வெளியே கூட்டிப் போகிற பெற்றோரில் பலர் கண்கொத்திப் பாம்பாக நிற்கிறார்கள். ஒரு பிள்ளை மரத்தில் ஏறுவதைக் கிட்டே நின்று பாருங்கள். வலது கையால் கிளையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கும். இடது கால் பட்டையில் ஒரு பிடிப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் இறக்கிவிட்டு வேறிடத்தில் வைக்கும். நாக்கு வெளியே நீட்டியிருக்கும். அந்த நேரத்தில் கீழேயிருந்து “பாத்து! பாத்து!” என்று கத்தினால் பிள்ளை செய்கிற முதல் வேலை, காலை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பது. “பாத்து” என்பதில் எதைப் பார்க்க வேண்டும் என்ற தகவலே இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் “அந்தக் கிளை காய்ஞ்சிருக்கு”, “அடுத்த கால் எங்க வைக்கப் போற?” என்று கேளுங்கள். இன்னொன்று, பிள்ளையைத் தூக்கிக் கிளையில் உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் இறங்கத் தெரியும். நீங்கள் ஏற்றிவிட்ட உயரத்திலிருந்து தெரியாது.

நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007-ல் பிள்ளைகள் தேடிப் போகிற ஆபத்தான ஆட்டங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கத்தி சுத்தியல் போன்ற கருவிகள், தீ தண்ணீர் போன்றவற்றின் அருகே ஆடுவது, கட்டிப் புரண்டு மல்லுக்கட்டுவது, பெரியவர் கண்ணில் படாமல் சுற்றுவது. இவை பிள்ளை தானே பார்த்து, அளந்து, எடுக்கிற ஆபத்துகள். துருப்பிடித்த ஆணி, ஆட்டம் கண்ட ஊஞ்சல் கொக்கி, பட்டுப்போன கிளை போன்றவை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதவை. பெரியவரின் வேலை இப்படிக் கண்ணுக்குத் தெரியாதவற்றைக் களைவது. பிள்ளை தானே அளந்து எடுக்கிற ஆபத்தில் மூக்கை நுழைக்காமல் இருப்பதும்தான்.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே எலும்பை முறிப்பதும் உண்டு. ஒன்றிரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்குவதைச் சொல்கிறேன். குழந்தையின் ரப்பர் செருப்பு பக்கச் சுவரில் உரசி நின்றுவிடும். பின்னால் உங்கள் எடை நிற்காமல் தள்ளும். நடுவில் மாட்டிய கால் முறுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு மேல் எலும்பு உடையும். தனியாகச் சறுக்கினால் பின்னாலிருந்து தள்ளுகிற எடை இல்லை, கால் மாட்டினாலும் குழந்தை அப்படியே நின்றுவிடும். தனியாக உட்காரத் தெரியாத குழந்தைக்குச் சறுக்குமரமே வேண்டாம்.

விளையாட்டுச் சாதனத்தின் அடியில் புல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மிதிபட்ட புல்தரை கிட்டத்தட்ட கட்டாந்தரைதான். மணலோ மரச்சீவலோ 9 அங்குல ஆழம் இருக்க வேண்டும், சுற்றிலும் 6 அடி காலியாக விட வேண்டும். ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்குமரம் முடிகிற இடத்திலும்தான் மணல் சீக்கிரம் ஒதுங்கிப் பள்ளமாகும், விழுவதும் அங்கேதான். வாரம் ஒரு முறை இழுத்து நிரவுங்கள். கம்பிகளுக்கு இடையே மூன்றரை முதல் 9 அங்குலம் வரை இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அதன் பட்டையும் சட்டைத் தொப்பியின் கயிறும் கம்பியில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். வெயிலில் கிடந்த சறுக்கை உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக்கும் சுடும்.

இத்தனை சாதனமும் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாலைந்து பிள்ளைகளுக்கு நாலு பலகை (ஒரு மீட்டர் நீளம், சிராய் போக உப்புத்தாள் போட்டது), இரண்டு பழைய டயர், இரண்டு பழைய படுக்கை விரிப்பு, ஒரு டஜன் துணிக் கிளிப், ஸ்டேப்ளர் ஊசி பிடுங்கிய அட்டைப் பெட்டிகள், வாளி, கரண்டி. டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். தண்ணீர் தேங்கிக் கொசு வராமலிருக்க அடியில் நாலு ஓட்டை போடுங்கள். மணற்குழி ஒரு முழ ஆழம் போதும், ஆட்டம் முடிந்ததும் மூடாவிட்டால் பூனைக்குக் கழிப்பிடமாகிவிடும். காய்ந்த மணலில் பத்து நிமிடத்தில் சலிப்பு தட்டும். எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் கோட்டையும் சுரங்கமும் நிற்கும். வாளித் தண்ணீரை மட்டும் முடிந்தவுடன் கொட்டிவிடுங்கள். சின்னக் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் வராது.

பெரும்பாலும் சொதப்புகிற இடம் முதல் இருபது நிமிடம். பிள்ளை பலகையை உதைக்கும், “போரடிக்குது” என்று வந்து நிற்கும். உடனே நாம் எழுந்து வீடு கட்டிக் காட்டுவோம், அத்தோடு அது நம் விளையாட்டாகிவிடும். “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பலகை டயர்மேல் ஏறும், யாராவது அதன் நுனியில் நிற்பார்கள், பிறகு உங்களைத் தேட மாட்டார்கள். கண்ணுக்கு அரை மணியும் கணக்குத்தான், ஆனால் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு அரை மணிக்காக மட்டும் கூட்டிப் போவதில் பிரயோஜனமில்லை, சூடு பிடிக்கும்போது கிளம்பச் சொல்வதாகிவிடும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். வெயில் நாளில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் கொடுங்கள். தாகம் எடுத்தால் வந்து கேட்கும் என்று இருக்காதீர்கள், ஆட்டத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது.

அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடை இரண்டு செட் தனியாக வையுங்கள். நல்ல சட்டையில் அனுப்பிவிட்டு மண்ணில் உட்காராதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. துவைக்கப் போடும் முன் கால்சட்டைப் பையை ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள். கல் இருக்கும். சில நாள் நத்தையும் இருக்கும்.