கணக்குச் சந்தேகத்தைத் தமிழில் கேட்க ஓர் இடம்

கடலூர், புதுச்சேரி பக்கம் கணக்கு நடத்துகிறவர்கள், நடத்தி ஓய்வு பெற்றவர்கள், எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், எல்லோருக்கும்தான் இந்தப் பதிவு. பிள்ளைகள் கணக்குச் சந்தேகத்தைத் தமிழில் கேட்டுப் பதில் வாங்க ஓர் இணையதளம் வேண்டும் என்கிறேன்.

யூடியூபில் தமிழில் கணக்கு வீடியோவுக்குப் பஞ்சமில்லை. "இந்த வரி ஏன் சார் வந்தது?" என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத்தான் ஆளில்லை. முக்கோணவியலில் டேன் 90° வரையறுக்கப்படவில்லை என்று அட்டவணையில் இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று ஒருத்தி கேட்டால், புதுச்சேரி கடற்கரைச் சாலையின் பழைய கலங்கரை விளக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் உச்சி 45° கோணத்தில் தெரியும் (நம் உயரத்தை விட்டுவிடுவோம்). கிட்டே போகப் போகக் கோணம் ஏறும். உயரம் அப்படியே இருக்க, தூரம் மட்டும் குறையும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் டேன்: 89°-இல் 57 சொச்சம், 89.9°-இல் கிட்டத்தட்ட 573. 90° என்றால் தூரம் 0. அதால் எப்படி வகுப்பது? ஒரு படமும் இரண்டு பத்தியும் போதும்.

ஆங்கிலத்தில் இப்படிக் கேட்க மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளம் 2010-லிருந்து இருக்கிறது. அங்கே கேட்கட்டுமே என்பார்கள். பாதி புரிந்து பாதி புரியாத நேரத்தில்தான் சந்தேகமே வரும். அதைத் தாய்மொழியில் சொல்லவே திணற வேண்டியிருக்கிறது. இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்தால் பிள்ளை வாயே திறக்காது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் வேறு 2023-24-இல் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. தமிழ்ப் புத்தகத்தில் படித்துவந்த பிள்ளைகள் கையில் ஆங்கிலப் புத்தகம். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளிக் கடலூரில் அதே வயதுப் பிள்ளை தமிழ்வழியில் அதே முக்கோணவியலைப் படிக்கிறது. இருவருக்கும் ஒரே பதில் போதும்.

சரி, வாட்ஸ்அப் குழு போதாதா? போதாது. குட்மார்னிங் படங்களுக்கு நடுவே நேற்றைய பதிலே இன்று கிடைக்காது. அப்புறம், பெண் பிள்ளைகளின் போன் நம்பர் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போகும். பெயர், நம்பர் எதுவும் வெளியே தெரியாமல் கேட்க வேண்டும். பதில் மட்டும் கூகுளில் தேடினால் வர வேண்டும். நோட்டைப் படம் எடுத்துப் போடட்டும், ஆனால் கேள்வியைத் தட்டச்சும் செய்யட்டும். படத்தை மட்டும் போட்டால் அடுத்த வருடம் தேடுகிற பிள்ளைக்கு அகப்படுவது கஷ்டம்.

வெறும் விடை கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். எதுவரை போட்டாய், எங்கே நின்றது என்று ஒரு வரி எழுதட்டும். "இதுகூடத் தெரியாதா" என்று பதில் எழுதுகிறவர் எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

வாரம் இரண்டு கேள்விக்கு எழுத முடியும் என்பவர்கள், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தொகை நுண்கணிதத்துக்கு இப்போதே ஆள் தேவை.