துன்புறுத்தலைத் தாங்கினால் பிள்ளை உறுதியாகுமா?

"பள்ளியில் நாலு பேர் சீண்டினால்தான் பிள்ளை உறுதியாக வளரும்; பெரியவர்கள் தலையிட்டால் கோழையாகிவிடும். திருப்பி அடிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7, 11 வயதுகளில் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களுக்கு 45 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. உறுதி எங்கே வந்தது?

சண்டையையும் துன்புறுத்தலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் சிக்கல். இரண்டு நண்பர்கள் பந்துக்காக மல்லுக்கட்டினால் அது சண்டை. அதில் விட்டுக்கொடுக்கக்கூடக் கற்றுக்கொள்வார்கள், சரி. துன்புறுத்தல் வேறு. நார்வேயில் இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. தினமும் ஒரே பையனின் பையை ஒளித்துவைத்துவிட்டு, அவன் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடும்போது ஐந்து பேர் சிரிக்கிறார்கள். அந்த ஐவரை அவன் எப்படித் திருப்பி அடிப்பான்?

அப்புறம், அந்தச் செய்தி மறந்தே போன ஒரு கூட்டம் இருக்கிறது: வேடிக்கை பார்ப்பவர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து 2001-ல் வெளியான ஆய்வில், சக மாணவர் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிக்குள் துன்புறுத்தல் நின்றது. ஆனால் குறுக்கிட்டவர்கள் குறைவு. துன்புறுத்தலைத் தடுக்கப் பின்லாந்தில் உருவான கிவா என்ற பள்ளிப் பாடத்திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் சொல்லித்தருகிறது. பெரிய வீரம் தேவையில்லை. "வாடா, நாம போகலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாலே போதும். ஆசிரியரிடம் சொல்வது கோள்மூட்டுவதும் ஆகாது.