சுவருக்கு மூக்கைப் பொத்தாதீர்கள்

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீடு தொட்டிக்கட்டு வீடு. நடுவில் தொட்டி வாசல், சுற்றி எட்டு மரத்தூண், முன்னால் ஆசாரம் என்கிற கூடம், மேலே சீமை ஓடு. பத்து வருடம் முன்பு எல்லோரும் பங்கு போட்டு, வீட்டை நல்லபடியாக வைத்துக்கொள்ளலாம் என்று சுவர் முழுக்க சிமெண்ட் பூசினோம். நானும்தான் பணம் கொடுத்தேன். இரண்டு மழை தாங்கவில்லை. முட்டி உயரத்துக்கு ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

போன மாதம் வந்து பார்த்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, மூச்சு உடற சுவத்துக்கு மூக்கப் பொத்தி வெச்சிருக்கறீங்க."

விஷயம் அவ்வளவுதான். மண்ணும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் கல்லாகும். அந்த நிதானம் இன்றைக்கு எந்த கான்ட்ராக்டருக்கும் கட்டுப்படியாவதில்லை.

எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்களில் ஒரு சத்திரமோ, பயணியர் விடுதியோ, பூட்டிய பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரியோ இப்படித்தான் பாழாகி நிற்கிறது. காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தால் உடனே "மியூசியம் ஆக்கலாம்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நாலு பழைய போட்டோ, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஒரு கவலைச் சால், ஆறு மாதத்தில் மறுபடியும் பூட்டு. கோவை விக்டோரியா ஹால் 1892-ல் கட்டியது. மாநகராட்சி மாமன்றக் கூட்டம் இன்றும் அங்கே நடப்பதால், ஒழுகினால் யாராவது கேட்கிறார்கள். 13-ம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்காலை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் தூர் வாருகிறார்கள். சத்திரத்தில் ரேஷன் கடை வரட்டும், டியூஷன் நடக்கட்டும், சந்தை நாளில் வியாபாரிகள் படுக்கட்டும். அழுக்காகும்தான். ஆகட்டும்.

வீடுகள் கதை வேறு, அங்கே பங்காளிகள் இருக்கிறார்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போடுவதற்குள் ஓடு சரிந்து, மழை இறங்கி, உத்தரம் உளுத்துவிடும். அதற்குள் பழைய மரச் சாமான் வியாபாரி வந்து தூணுக்கு விலை பேசுவார். லாரியில் ஏறிய தூண் ஏதோ ரிசார்ட்டில் வார்னிஷ் பூசி நிற்கும்; நாம் வாடகை கொடுத்து அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்து, "பாரம்பரியம்" என்று இங்கேயே போடுவோம். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-லேயே சட்டம் போட்டாயிற்று. நல்லது. ஆனால் பங்காளிச் சண்டையை எந்த ஆணையம் தீர்த்து வைக்கும்?

எங்கள் வீட்டில் இப்போதைக்கு வடக்குச் சுவரில் மட்டும் சிமெண்டைக் கொத்தி எடுத்திருக்கிறோம். கொத்தனார் சுண்ணாம்பை ஊறப்போட்டு, அதில் சேர்க்கக் கடுக்காயும் நனைய வைத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சின்ன மாமா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்புறம் ஒன்று. கூரையில் நாற்பது ஓடு குறைகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்து ஃபரோக்கில் சுட்ட பழைய ஓடு. அடியில் முத்திரை இருக்கும். புது ஓடு அதோடு பூட்டிக்கொள்ளவில்லை. யார் வீட்டுக் கொல்லையிலாவது அடுக்கிக் கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.