வேலை காலி இல்லைன்னா ஆளைப் பாக்கவே கூடாதா?

ரெண்டு நாளா அந்த ஸ்க்ரீன்ஷாட் தான் டைம்லைன் பூரா ஓடுது. யார் போட்டதுன்னு நான் சொல்லல, உங்களுக்கே தெரியும். ஒரு பொண்ணு தனக்கு அனுப்பின மெசேஜைத் தான் அவரு அப்படிப் போட்டிருக்காரு, மொத்தமே நாலு வரி. இப்ப வேகன்சி இல்லைன்னு தெரியும் சார், இந்த வேலை உள்ள எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும், ஒரு இருபது நிமிஷம் பேச முடியுமான்னு கேட்டிருக்கு. இதுக்கு அவரு கேப்ஷன், "வேலையே இல்லைன்னாலும் வாசல்ல வந்து நிக்கிறாங்கப்பா". கீழ பெரிய பெரிய பதவியில இருக்கவங்க எல்லாம் வரிசையா வந்து சிரிச்சுட்டுப் போயிருக்காங்க.

அந்தப் பொண்ணு வேலை கேக்கல சார். திரும்பப் படிங்க. வேலையைப் பத்திக் கேட்டிருக்கு. ரெண்டும் வேற.

இன்னும் சொல்லப்போனா வேகன்சி இல்லாதப்ப போய்ப் பேசுறது தான் சரியான நேரம். வேகன்சி போட்டதுக்கு அப்புறம் யாருமே உண்மை பேச மாட்டாங்க, கேண்டிடேட் "டீம் ப்ளேயர்"ம்பான், கம்பெனி "நாங்க எல்லாம் ஒரே ஃபேமிலி"ம்பாங்க, ரெண்டு பேரும் நல்லா நடிச்சுட்டு மூணாவது மாசம் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒண்ணும் காலி இல்லாதப்ப தான் ரெண்டு பக்கமும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசும்.

நான் வேலை இல்லாம வீட்ல இருந்த காலத்துல ஒரு மேடத்துக்கு இதே மாதிரி மெசேஜ் போட்டேன். டேட்டா அனலிடிக்ஸ்ல, அதாவது தகவல்களை அலசிப் பாக்குற வேலைல, போயே தீருவேன்னு கோர்ஸ் எல்லாம் முடிச்சு வச்சிருந்த நேரம். வரச் சொன்னாங்க. எங்க டீம்ல நீ நினைக்கிற அனலிசிஸ் கொஞ்சம் தான்ப்பா, மீதி நேரம் எல்லாம் அடுத்தவன் அனுப்பின எக்செல்லைச் சுத்தம் பண்றதும், இந்தக் கட்டம் எல்லாம் ஏன் காலியா இருக்குன்னு போன் போட்டுக் கேக்குறதும் தான், அது உனக்கு ஓகேன்னா வான்னு சொன்னாங்க. எந்தக் கோர்ஸ்லயும் இதை ஒருத்தரும் சொல்லல. அவங்க எனக்கு வேலை தரல, அதுக்கு அப்புறமும் தரல. ஆனா அடுத்து எந்த இன்டர்வியூ போனாலும் முதல்ல என்ன கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இன்னொருத்தரும் இருந்தாரு. அவரே டைம் குடுத்து வரச் சொல்லிட்டு, ரிசப்ஷன்ல நாலு பேர் முன்னாடி "ஓப்பனிங் இல்லைன்னு தான் சொன்னேனே, அப்புறம் எதுக்கு வந்தீங்க"ன்னாரு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பாத்ததும் எனக்கு அந்தக் குரல் தான் கேட்டுச்சு.

சரி, இப்ப வருவீங்க. "எங்களுக்கு நேரம் இல்ல." இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, பதிலே போடாம கூட விடுங்க, யாரும் வழக்குப் போட மாட்டாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுக்க, பேரை அழிக்க, கேப்ஷன் யோசிக்க, அறுபது கமெண்ட்டுக்கு ஹார்ட் போட மட்டும் நேரம் எங்கிருந்து வந்துச்சு?

"சும்மா பேசணும்னு வந்து ரெஸ்யூமை நீட்டுறாங்க." நீட்டுறாங்க தான், இல்லைன்னு சொல்லல. அப்படிப் பண்றவங்களால தான் அடுத்து வர்றவனுக்குக் கதவு சாத்துது. போறவங்களும் கேட்டுக்கோங்க, கம்பெனி வெப்சைட்டைக் கூடப் பாக்காம போகாதீங்க, கேட்ட இருபது நிமிஷம் முடிஞ்சா நீங்களே எழுந்திரிங்க, அவங்களா கேக்காம ரெஸ்யூமை எடுக்காதீங்க, மறுநாள் ஒரு நன்றி மெசேஜ் போடுங்க. வேற யார்கிட்ட பேசலாம்னு ஒரு பேர் கேளுங்க, அது தப்பில்ல.

"இது கொல்லைப்புற வழி, சிபாரிசு." இதைக் கேட்டா தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. மாமா, சித்தப்பா, அப்பாவோட ஃப்ரெண்டுன்னு உள்ள போறவன் யாருக்கும் மெசேஜ் போட மாட்டான், அவனுக்கு வீட்லயே போன் போயிடும். அந்த மாமா இல்லாதவ தான் முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு நாலு வரி டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணி அனுப்புறா. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973லயே இதை எழுதிட்டாரு. அவரு ஆய்வுல தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அடிக்கடி பாக்குற ஆளால கிடைச்சது 16.7 சதவீதம் தான், மீதி எல்லாம் எப்பவாவது பாக்குறவங்க, பாக்குறதே அபூர்வமா இருக்கவங்க. நெருங்கினவனுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரியும், புதுச் சேதி வெளியில இருந்து தான் வரணும். வேலை சம்பந்தமா ஆளுங்க பழகிக்கிற லிங்க்ட்இன் தளத்துல ரெண்டு கோடி பேரை வச்சுப் பண்ணி, 2022ல வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய இதைத் தான் சொல்லுச்சு. அப்ப அவ அந்நியருக்கு எழுதாம வேற யாருக்கு எழுதணும்?

"கூச்ச சுபாவம் உள்ளவங்க என்ன பண்ணுவாங்க, அது அநியாயம் இல்லையா"ன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டான். அநியாயம் தான் தம்பி. கேட்ட ஒருத்தியை இப்படி நடுத்தெருவுல நிக்க வச்சா கூச்சப்படுறவன் இனி ஜென்மத்துக்கும் கேப்பானா, அதைச் சொல்லு முதல்ல.

மேடை ஏறினா "நெட்வொர்க்கிங் பண்ணுங்க யங்ஸ்டர்ஸ்"னு முழங்குறதும் இவங்க தான். பண்ணினா சிரிக்கிறதும் இவங்க தான். வேலையில இருக்கவன் வந்து பேசினா அது கனெக்ட், வேலை இல்லாதவன் வந்து பேசினா தொந்தரவு. அவன் வாயைத் திறந்தாலே பிச்சை கேக்குற மாதிரி தான் உங்க காதுல விழுது. மாசாமாசம் சம்பளம் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் நல்லா தான் சிரிப்பு வரும்.

பேரை மறைச்சுட்டேன்னு பெருமையா வேற சொல்லிக்கிறாரு. ப்ரொஃபைல் போட்டோ பாதி தெரியுது சார். அந்தப் பொண்ணு கூடப் படிச்சவங்க கண்டுபிடிச்சுட்டாங்க, அக்கவுண்ட்டை மூடிட்டுப் போயிடுச்சு. விளக்கம் எல்லாம் அப்புறம் எழுதலாம், முதல்ல போஸ்ட்டைத் தூக்குங்க.