பகா எண்ணும் பகாசுரனும்

அந்த ஆண்டுவிழா வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து குழுக்களிலிருந்து வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பையன், மேடையில் மைக்கோடு நிற்கிறான். பகா எண் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். யோசித்துவிட்டு, “பகாசுரன் மாதிரி ரொம்பப் பெரிய எண்” என்கிறான். பந்தலே சிரிக்கிறது. கடைசி இரண்டு விநாடியில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போகிறான். அதை யாராவது பார்த்தீர்களா?

சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள், காரைக்குடிக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை மக்கு இல்லை. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லோடு ஒட்டிப் பார்த்திருக்கிறான். ‘1-ஆலும் அதே எண்ணாலும் மட்டுமே வகுபடும் எண்’ என்று வரியை நெட்டுரு போட வைத்திருப்பார்கள், மேடையில் மறந்துவிட்டது. சொல்லின் பொருளை ஒருவர் சொல்லியிருந்தால், வரி மறந்தாலும் பதில் வந்திருக்கும்.

செல்லாக் காசு என்றால் செல்லாத காசு. அதுபோலத்தான் பகா எண், பகுக்க முடியாத எண். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அப்புறம் தரையில் 12 புளியங்கொட்டையைப் போட்டு, சமமான வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று நான்காக அடுக்குவான், இரண்டு ஆறாக அடுக்குவான். 7 கொட்டையைக் கொடுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒற்றை வரிசைதான் வரும். எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகள் கல்லுக்கு ஒரு கொட்டையாக வைத்து இதைத்தான் செய்கிறார்கள்.

இது எனக்குச் சொந்த வலியும்கூட. ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்தியபோது, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றார்கள். நான் எழுந்து, “தொகுதின்னா காரைக்குடித் தொகுதி மாதிரியா சார்?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். வகுப்பு சிரித்தது, பீரியட் முடியும்வரை நான் வெளியே நின்றேன். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் பல வருஷம் நான் வாயைத் திறக்கவே இல்லை. நாலாகப் பகுத்தது பகுதி, அதில் மூன்றைச் சேர்த்துத் தொகுத்தது தொகுதி, அதுதான் முக்கால் என்று எனக்குப் புரிந்தபோது கல்லூரியே முடிந்துவிட்டது.

என் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் எட்டில் ஒன்றான அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி எல்லாம் வாயிலேயே இருக்கும். 1957-ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அதில் மாகாணி என்றால் ஓர் அணா. வட்டிக் கணக்கை வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். பின்னம் அவருக்குப் பாடம் இல்லை, பேச்சு.

“மேல்படிப்பில் எல்லாம் ஆங்கிலம்தானே, பிரைம் நம்பர் என்றே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் பொருள் தெரியாமல் பிரைம் என்றாலும் அவன் உருத்தான் போடுவான். பகா புரிந்த பிள்ளைக்கு பிரைம் இன்னொரு பெயர், அவ்வளவுதான். “தமிழ்ச் சொற்கள் கடினம்” என்கிறார்கள். எச்.சி.எஃப். என்பதற்குச் சொல்லும் மீப்பெரு பொதுக் காரணி கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஈவு கடினமா? 17 சீப்புச் சீடையை ஐந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று ஈகிறோம், அது ஈவு. தட்டில் கிடக்கும் இரண்டு மீதி. ஆசிரியருக்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அரை நிமிடம்.

“நீ என்ன கணக்கு டீச்சரா?” என்றும் கேட்பீர்கள். இல்லை. வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை. அது போதாதா பேச?

இந்த ஊர்ப் பையன்கள் பெட்டியடிப் பையன்களாக, அதாவது வட்டிக் கடையில் வேலை பழகும் பையன்களாக, கப்பலேறி, பர்மாவிலும் மலாயாவிலும் பேரேடு எழுதி, ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், எடுத்துப் பழகினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு முதலாளி பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாம் மேடையேற்றி, படம் பிடித்து, ஊரெல்லாம் அனுப்புகிறோம்.

நேற்று என்னிடம் படிக்கும் பெண்பிள்ளை, அவளும் ஆறாம் வகுப்புதான், கொட்டைகளை அள்ளிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, ஒன்றையும்தான் பகுக்க முடியாது. அது ஏன் பகா எண் இல்லை?” சொல் புரிந்ததால் வந்த கேள்வி இது. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வகுத்திகள் இருக்க வேண்டும், 1-க்கு இருப்பது ஒன்றே ஒன்று என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, “அந்த வீடியோ அண்ணன் இப்ப ஸ்கூலுக்கு வர்றதில்லையாம்” என்றாள்.

வீடியோவைப் போட்டவர்கள் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவன் அம்மாவின் போனுக்கும் அது போயிருக்கிறது.