செல் சாவதை வைரஸ் தடுக்கவும் செய்யும்

"வைரஸ் மைக்ரோ ஆர்என்ஏவை ஏவித்தான் நம் செல்களைக் கொல்கிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் (மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஒரு புரதம் உருவாவதைக் குறைக்கக்கூடிய மிகச் சிறிய ஆர்என்ஏ துணுக்கு). தயவுசெய்து திருத்துங்கள், நன்றாகத் தெரிந்த உதாரணங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

எப்ஸ்டீன்-பார் வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ்களும் சொந்தமாக மைக்ரோ ஆர்என்ஏ உருவாக்குகின்றன என்பது 2004-இல் முதன்முதலாகத் தெரியவந்தது இதில்தான். தொற்றிய செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது உடலின் தற்காப்பு, அதைத் தூண்டும் புரதங்களில் ஒன்று பூமா; வைரஸின் பார்ட்5 என்ற, சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ, பூமாவுக்கான தூது ஆர்என்ஏவில் (அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமப்பது) போய் ஒட்டி அந்தப் புரதம் உருவாவதைக் குறைத்துவிடுகிறது, செல் சாகாமல் இருக்க, வைரஸும் உள்ளே பத்திரமாகத் தங்கிவிடுகிறது. இந்த வைரஸோடு தொடர்புடைய, மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்றுநோயின் செல்களில் பார்ட்5-ஐக் குறைத்தபோது அவை எளிதாகச் செத்தன என்று 2008-இல் ஆய்வு வந்தது. அதாவது இங்கே செல் சாகாததுதான் ஆபத்து!

சரி, போலியோ வைரஸ் செல்லைக் கொல்கிறதே என்றால், உண்மைதான், ஆனால் அந்த வேலையைச் செய்பவை முக்கியமாக அதன் புரதங்கள்.

அப்புறம், இந்த எப்ஸ்டீன்-பார் உலகில் பெரும்பாலான பெரியவர்களிடம் இருக்கிறது, மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. இந்த வைரஸ் இருந்தால் புற்றுநோய் வந்துவிடுமோ என்று கீழே பயந்துபோய்க் கேட்டிருப்பவர்களுக்கு அதையும் சொல்லிவிடுங்கள்.